ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள்: கட்டணம் இல்லை, பிறகு பணம் எங்கே போகிறது?

வெளிநாட்டு மாணவர்களிடம் கல்விக் கட்டணம் வாங்காத ஐரோப்பிய நாடுகள் குறைந்துகொண்டே வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு டென்மார்க் 2006-லும், ஸ்வீடன் 2011-லும், பின்லாந்து 2017-லும் கட்டணம் கொண்டுவந்தன. நார்வே 2023-இல் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. பெரிய நாடுகளில் மிச்சமிருப்பது ஜெர்மனிதான். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் இளநிலைக்கும், அதைத் தொடர்ந்து வரும் முதுநிலைக்கும் இன்றும் கட்டணம் கிடையாது.

இதைக் கேட்டதும் பலர் கணக்குப் போடுவதையே நிறுத்திவிடுகிறார்கள். செலவு ஓடுவது மாதக் கணக்கில். விசாவுக்கு ஜெர்மன் அரசு வைத்திருக்கும் அளவுகோலே மாதம் 992 யூரோ. ஒரு செமஸ்டர் கூடுதலாக இழுத்தால் 5,952 யூரோ. கட்டணம் கேட்கும் பல இடங்களின் ஒரு செமஸ்டர் கட்டணத்தைவிட இது அதிகம். எந்தப் படிப்பு, எந்த ஊர், எப்போது விண்ணப்பம் என்று எதை முடிவு செய்தாலும் 'இதனால் மாதங்கள் கூடுமா, குறையுமா?' என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில், அது அரசுப் பல்கலைக்கழகம்தானா?

ஏமாற்றம் அதிகம் நடப்பது இங்கேதான். ஜெர்மன் மொழியில் 'ஷ்டாட்லிஷ்' என்றால் அரசுக்குச் சொந்தமானது. 'ஷ்டாட்லிஷ் அனெர்கன்ட்' என்றால் அரசு அங்கீகரித்தது. இரண்டாவது வகையில் பெரும்பாலானவை தனியார் நிறுவனங்கள். பட்டம் செல்லும், ஆனால் ஆண்டுக்குப் பல ஆயிரம் யூரோ கட்டணம். 'அரசு அங்கீகாரம் பெற்றது சார்' என்று கன்சல்டன்சியில் சொல்வது பொய்யில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை, அவ்வளவுதான். தனியார் நிறுவனங்கள் ஆள் சேர்த்துவிடும் ஏஜென்டுகளுக்குக் கமிஷன் தருகின்றன. அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு அந்தத் தேவை இல்லை. எனவே 'இலவச கன்சல்டிங்' என்று சொல்லும் இடத்தில் எந்தப் பெயர்கள் முதலில் வரும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. 'ஹோக்ஷூலே', 'அப்ளைட் சயின்சஸ்' ஆகிய சொற்கள் அரசு நிறுவனங்களின் பெயர்களிலும் உண்டு, தனியார் பெயர்களிலும் உண்டு. ஹோக்ஷூல்கொம்பாஸ் என்ற தரவுத்தளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடி, 'ட்ரேகர்ஷாஃப்ட்' என்ற வரியைப் பாருங்கள். அதில் 'ஓஃபன்ட்லிஷ்-ரெஷ்ட்லிஷ்' என்று இருந்தால் அரசு. 'பிரிவாட்' என்று தொடங்கினால் தனியார். ஒரு நிமிட வேலை இது. ஏஜென்டைப் பார்க்கப் போவதற்கு முன் செய்துவிடுங்கள்.

அரசுப் பல்கலைக்கழகம்தான் என்று உறுதியான பிறகும் மூன்று விதிவிலக்குகளைக் கவனிக்க வேண்டும்.

பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம். ஹைடெல்பெர்க், ஃப்ரைபுர்க், ட்யூபிங்கன், ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ருஹே, மான்ஹைம் எல்லாம் இங்கேதான் இருக்கின்றன. 2017-18 குளிர்கால செமஸ்டரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம்.

மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். பவேரிய மாநிலச் சட்டம் 2023-இல் மாறிய பின், 2024-25 குளிர்கால செமஸ்டரில் சேர்பவர்களிலிருந்து இங்கே கட்டணம் தொடங்கியது. பாடத்தைப் பொறுத்து இளநிலைக்குச் செமஸ்டருக்கு 2,000 அல்லது 3,000 யூரோ, முதுநிலைக்கு 4,000 அல்லது 6,000 யூரோ. அதே சட்டம் பவேரியாவின் மற்ற அரசு நிறுவனங்களுக்கும் கட்டணம் வைக்க இடம் தருகிறது. ஆகவே பவேரியாவில் எங்கே விண்ணப்பித்தாலும் அந்தந்தப் படிப்பின் பக்கத்தில் கட்டண வரியைத் தனியாகப் பாருங்கள்.

மூன்றாவது, 'வைட்டர்பில்டெண்ட்' என்று குறிப்பிடப்படும் முதுநிலைப் படிப்புகள். வேலை அனுபவம் உள்ளவர்களுக்கான எம்.பி.ஏ. போன்றவை இவை. எந்த மாநிலமானாலும் இவற்றுக்குக் கட்டணம் உண்டு. கட்டணமில்லாத முதுநிலைக்குப் பெயர் 'கொன்செகுடிவ்'.

விதிவிலக்கு என்றதும் அந்த ஊர்களை அப்படியே ஒதுக்கிவிட வேண்டாம். மியூனிக்கில் தனியார் இடத்தில் ஓர் அறையின் வாடகை 700 யூரோவைத் தாண்டும். வாடகை 400 யூரோவுக்குள் அடங்கும் ஊரில் 1,500 யூரோ கட்டணத்தோடு படித்தால், ஆறு மாதத்தில் வாடகையில் மட்டும் 1,800 யூரோ மிச்சம். கட்டணமே இல்லாத மியூனிக் படிப்பைவிட இது மலிவாகவே முடியும். கட்டணமும் இல்லாமல் வாடகையும் குறைவாக வேண்டுமென்றால் கெம்னிட்ஸ், மாக்டெபுர்க், இல்மெனாவ், கொட்புஸ் போன்ற கிழக்கு ஜெர்மனி ஊர்களைப் பாருங்கள். பொறியியல் படிப்புகளுக்கு அங்கே நல்ல பெயர் உண்டு, போட்டியும் குறைவு. பகுதிநேர வேலை வாய்ப்பு மட்டும் பெரிய நகரங்கள் அளவுக்கு இருக்காது.

எல்லா மாநிலங்களிலும் எல்லோரும் கட்ட வேண்டியது செமஸ்டர் பங்களிப்பு: ஊரைப் பொறுத்து ஏறத்தாழ 100 முதல் 400 யூரோ. மாணவர் நலச் சேவை, மாணவர் மன்றம், பல இடங்களில் பயணச் சீட்டு எல்லாம் அதில் அடக்கம். 2024 கோடைகால செமஸ்டரிலிருந்து பல பல்கலைக்கழகங்கள் நாடு முழுவதும் செல்லும் மாணவர் பயணச் சீட்டைச் சேர்த்திருக்கின்றன. அதிவேக ரயில் தவிர, உள்ளூர்ப் பேருந்து, டிராம், வட்டார ரயில் எல்லாவற்றிலும் அது செல்லும். பங்களிப்பு 150 யூரோ உள்ள இடத்தைப் பார்த்து மலிவு என்று நினைக்காதீர்கள்; அநேகமாக அதில் பயணச் சீட்டு சேர்ந்திருக்காது.

தகுதி: சிஜிபிஏ மட்டும் போதாது

இளநிலைக்குப் போகிறவர்கள் முதலில் அனாபின் தரவுத்தளத்தில் தங்கள் பள்ளிச் சான்றிதழுக்கு என்ன மதிப்பு என்று பார்க்க வேண்டும். இந்தியப் பன்னிரண்டாம் வகுப்பு மட்டும் பொதுவாக நேரடிச் சேர்க்கைக்குப் போதாது. ஒரு பல்கலைக்கழகத்தில் முதலாண்டை வெற்றிகரமாக முடித்தவர்களும், ஜே.இ.இ. அட்வான்ஸ்டில் தேர்ச்சி பெற்றவர்களும் அதே துறைக்கு நேரடியாக விண்ணப்பிக்க வழி உண்டு. மற்றவர்கள் ஷ்டுடியன்கொலெக் என்ற ஆயத்தக் கல்லூரியில் இரண்டு செமஸ்டர் படித்து, இறுதித் தேர்வு எழுத வேண்டும். பொறியியலுக்கு டி-குர்ஸ், மருத்துவம், உயிரியலுக்கு எம்-குர்ஸ், பொருளாதாரத்துக்கு டபிள்யூ-குர்ஸ் என்று பிரிவுகள் உண்டு. அரசு ஷ்டுடியன்கொலெக்குகளில் பெரும்பாலும் கட்டணம் கிடையாது. ஆனால் நுழைவுத் தேர்வே ஜெர்மன் மொழியில், பி1 அல்லது பி2 எனப்படும் நடுத்தர நிலையில் இருக்கும். தனியார் ஷ்டுடியன்கொலெக்குகளில் கட்டணம் அதிகம். இன்னொன்று: இளநிலைப் படிப்புகளில் பெரும்பாலானவை ஜெர்மன் வழியில்தான் நடக்கின்றன. மொழியில் ஓர் ஆண்டு, ஷ்டுடியன்கொலெக்கில் ஓர் ஆண்டு, பிறகு மூன்று ஆண்டு என்று மொத்தம் ஐந்தாண்டுக் கணக்கு போட்டால்தான் உண்மையான செலவு தெரியும். மொழி ஆண்டை ஊரிலேயே முடித்துவிட்டுப் போவது எவ்வளவு மிச்சம் என்பதும் அப்போது புரியும்.

முதுநிலையில் நிராகரிப்புக்குப் பெரிய காரணம் மதிப்பெண் அன்று, பாடப் பொருத்தம். ஜெர்மன் முதுநிலை, இளநிலையின் தொடர்ச்சியாகவே கருதப்படுகிறது. 'கணிதத்தில் 20 கிரெடிட், நிரலாக்கத்தில் 15 கிரெடிட்' என்று துறை கேட்டிருந்தால், 90 சதவீதம் வாங்கியவரும் அந்தப் பாடங்கள் இல்லாமல் உள்ளே போக முடியாது. ஐரோப்பியக் கிரெடிட் ஒன்று என்பது ஜெர்மனியில் சுமார் 30 மணி நேர உழைப்பு. ஓர் ஆண்டுக்கு 60. நான்காண்டுப் படிப்பை 240 என்று எடுத்துக்கொண்டு, உங்கள் படிப்பில் மொத்தம் 160 கிரெடிட் இருந்தால், ஒவ்வொன்றையும் 1.5-ஆல் பெருக்கித் தோராயக் கணக்கு போடலாம். துறைக்குத் துறை முறை மாறும். ஆனால் இந்தத் தோராயத்திலேயே பாதிக்கும் குறைவாக வந்தால் அந்தப் படிப்பைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது நல்லது.

மூன்றாண்டு பி.எஸ்சி., பி.காம். முடித்தவர்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கை. இளநிலையும் முதுநிலையும் சேர்ந்து 300 கிரெடிட் ஆக வேண்டும். மூன்று செமஸ்டர் முதுநிலை 90 கிரெடிட்தான். அது இளநிலையில் 210 கேட்கும். மூன்றாண்டுப் படிப்பு 180-க்கு மேல் கணக்கில் வராது. எனவே 120 கிரெடிட் கொண்ட நான்கு செமஸ்டர் முதுநிலைகளையே தேடுங்கள்.

இனி மதிப்பெண். ஜெர்மனியில் 1.0 உச்சம், 4.0 தேர்ச்சி, 5.0 தோல்வி. வெளிநாட்டு மதிப்பெண்ணை மாற்றப் பெரும்பாலான இடங்களில் 'திருத்திய பவேரிய சூத்திரம்' பயன்படுகிறது. அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து நீங்கள் வாங்கியதைக் கழியுங்கள். அதை, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள்.

10-க்கு 7.5 சிஜிபிஏ வாங்கிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். தேர்ச்சி எல்லை 5 என்றால் 2.5 ÷ 5 × 3 + 1 = 2.5. தேர்ச்சி எல்லை 4 என்றால் 2.5 ÷ 6 × 3 + 1 = 2.25. துறை 2.3 கேட்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரே மதிப்பெண் வாங்கிய இருவரில் ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. ஆக, உங்கள் பல்கலைக்கழகத்தின் தேர்ச்சி எல்லை எது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அது பல மதிப்பெண் பட்டியல்களின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து அனுப்புபவர்கள் அதை இழக்கிறார்கள். பின்பக்கத்திலும் இல்லை என்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடமிருந்து கடிதம் வாங்குங்கள். அந்தக் கடிதம் வர நாளாகும் என்பதால் முதல் வேலையாக விண்ணப்பித்து வையுங்கள்.

'என்.சி.' எனப்படும் இட வரையறை உள்ள படிப்புகளையும், 'ட்சூலாசுங்ஸ்ஃப்ரை' எனப்படும் வரையறை இல்லாத படிப்புகளையும் பிரித்துப் பாருங்கள். இரண்டாவதில் தகுதி இருந்தால் இடம் உறுதி. இணையத்தில் சுற்றும் என்.சி. எண் முந்தைய ஆண்டு கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண். இந்த ஆண்டுக்கான எல்லைக்கோடு அன்று. பட்டியலில் வரையறை இல்லாத படிப்பு குறைந்தது இரண்டு இருக்கட்டும்.

விண்ணப்பம்: காலமும் காகிதமும்

குளிர்கால செமஸ்டர் அக்டோபரில் தொடங்கும். பொதுக் கடைசி நாள் ஜூலை 15. கோடைகால செமஸ்டர் ஏப்ரலில். அதற்கு ஜனவரி 15. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கான முதுநிலைக் கெடு பல இடங்களில் இதற்குப் பல மாதங்கள் முன்பே, மார்ச்சிலும் மே மாதத்திலும் முடிந்துவிடும். ஜூலை 15-க்கு விண்ணப்பித்து ஆகஸ்டில் இடம் கிடைத்தாலும், விசா வாங்கி அக்டோபரில் வகுப்பில் உட்காருவது அநேகமாக நடக்காது. ஆகவே முந்தைய ஆண்டு செப்டம்பரில் வேலையைத் தொடங்குவதே சரி.

இந்தியக் கல்விச் சான்றிதழ் உள்ளவர்களுக்கு முதல் வேலை ஏ.பி.எஸ். சான்று. உங்கள் சான்றிதழ்கள் உண்மையானவை என்று உறுதிசெய்யும் இந்தச் சான்று, 2022 நவம்பரிலிருந்து மாணவர் விசாவுக்குக் கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். உங்கள் பல்கலைக்கழகம் சரிபார்ப்புக்குப் பதில் எழுதும் வேகத்தைப் பொறுத்துச் சில வாரங்களோ மாதங்களோ ஆகும். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் சான்றிதழ்களுக்கு இந்தப் படி இல்லை.

அடுத்தது யூனி-அசிஸ்ட். ஏராளமான பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டுச் சான்றிதழ்களைப் பரிசீலிக்கும் பணியை இந்த அமைப்பிடம் விட்டிருக்கின்றன. ஒரு செமஸ்டருக்கு முதல் விண்ணப்பம் 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றும் 30 யூரோ. பத்து விண்ணப்பம் என்றால் 345 யூரோ. தங்கள் சொந்தத் தளத்திலேயே இலவசமாக விண்ணப்பம் வாங்கும் பல்கலைக்கழகங்களும் நிறைய உண்டு. பட்டியலில் இரண்டையும் கலந்து வையுங்கள். எல்லா யூனி-அசிஸ்ட் விண்ணப்பங்களையும் ஒரே செமஸ்டர் கணக்கில் போட்டால்தான் 30 யூரோ விலை. பணம் வந்து சேரும் வரை அவர்கள் கோப்பைத் திறக்கவே மாட்டார்கள்.

சில பல்கலைக்கழகங்கள் 'வி.பி.டி.' கேட்கும். இதில்தான் பலர் விழுகிறார்கள். யூனி-அசிஸ்ட் உங்கள் சான்றிதழ்களைப் பார்த்து, மதிப்பெண்ணை மாற்றி ஓர் ஆவணம் தரும். அதை வைத்து நீங்கள் பல்கலைக்கழகத்தின் தளத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பரிசீலனைக்கு நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். பல்கலைக்கழகத்தின் கடைசி நாளன்று யூனி-அசிஸ்டுக்கு அனுப்பிவிட்டு, வேலை முடிந்தது என்று நினைத்தால் அந்த இடம் போச்சு. வி.பி.டி. கேட்கும் இடங்களுக்கு இரண்டு மாதம் முன்பே அனுப்புங்கள்.

மொழிச் சான்றில் ஆங்கில வழிப் படிப்புகளுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். 6.0 அல்லது 6.5 பெரும்பாலும் போதும். 'ஆங்கில வழியில் படித்தேன்' என்ற கல்லூரிக் கடிதத்தைச் சில இடங்கள் ஏற்கும், சில ஏற்காது. ஜெர்மன் வழி என்றால் டெஸ்ட்டாஃப் நான்கு பகுதியிலும் 4, அல்லது டி.எஸ்.ஹெச்.-2, அல்லது டெல்க் சி1 ஹோக்ஷூலே. ஆங்கில வழியில் படிப்பவர்களும் பி1 வரையாவது ஜெர்மன் கற்றுக்கொண்டு போக வேண்டும் என்றே சொல்வோம். பட்டத்துக்கு அது தேவைப்படாது. பகுதிநேர வேலைக்கும் வீடு தேடுவதற்கும் தேவைப்படும்.

தமிழர்களுக்கே உரிய ஒரு சிக்கல் பெயர். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து கடைசிப் பெயராக நிற்கும், பட்டச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும். ஜெர்மன் அலுவலகத்துக்கு இவை மூன்று வேறு நபர்கள். ஏ.பி.எஸ்., யூனி-அசிஸ்ட், வங்கிக் கணக்கு, காப்பீடு, விசா எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, இடைவெளி உட்பட, ஒரே மாதிரி எழுதுங்கள். சான்றிதழில் வேறாக இருந்தால், இரண்டும் ஒருவரே என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து, ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் இணையுங்கள்.

பணத்தைக் காட்டுவதும் விசாவும்

2024 செப்டம்பரிலிருந்து ஓராண்டுக்குக் காட்ட வேண்டிய தொகை 11,904 யூரோ. வழக்கமான வழி ஷ்பெர்கொன்டோ எனப்படும் முடக்கக் கணக்கு. முழுத் தொகையையும் அதில் போட்டுவிட்டால், ஜெர்மனி போன பிறகு மாதம் 992 யூரோ மட்டும் வெளியே வரும். உதவித்தொகைக் கடிதமும், ஜெர்மனியில் வசிப்பவர் அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் எழுதித் தரும் பொறுப்பேற்புப் பத்திரமும் மாற்று வழிகள். தொகை அவ்வப்போது உயர்த்தப்படுவதால், விசா விண்ணப்பிக்கும் நாளில் தூதரகப் பக்கத்தில் உள்ள எண்ணையே நம்புங்கள்.

பணம் அனுப்பும்போது இடையில் உள்ள வங்கி 15, 20 யூரோவைப் பிடித்துக்கொள்ளும். 11,904-க்கு ஒரு யூரோ குறைந்தாலும் உறுதிக் கடிதம் வராது. மறுபடி அனுப்ப ஒரு வாரம் போகும். வங்கிச் செலவு முழுவதையும் அனுப்புபவரே ஏற்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு மேலும் 50 யூரோ கூடுதலாகவே அனுப்புங்கள். மிச்சம் உங்கள் கணக்கில்தான் இருக்கும்.

விசாக் கட்டணம் 75 யூரோ. 2025 ஜனவரியிலிருந்து தேசிய விசாவுக்கு ஜெர்மன் தூதரகச் சேவைத் தளத்தில் இணையவழி விண்ணப்பம் உண்டு. இன்னொரு மாற்றம் இதைவிடக் கவனிக்க வேண்டியது: விசா மறுக்கப்பட்டால் தூதரகத்துக்கே மறுபரிசீலனை கேட்டு எழுதும் இலவச வழி 2025 ஜூலை 1 முதல் எடுக்கப்பட்டுவிட்டது. இனி மறுத்தால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது நீதிமன்றம் போக வேண்டும். முதல் தடவையே கோப்பு சுத்தமாக இருக்கட்டும். நோக்கக் கடிதத்தில் ஜெர்மனியின் அழகைப் பற்றி எழுதாதீர்கள். இந்தப் படிப்பின் எந்தப் பாடங்கள் உங்கள் பழைய படிப்பின் எந்தப் பாடத்தின் தொடர்ச்சி, இடையில் அரியரோ இடைவெளியோ இருந்தால் என்ன காரணம், படித்து முடித்து என்ன வேலை என்று நேராக எழுதுங்கள்.

முதல் மாதம்

நீங்கள் விமானத்தை விட்டு இறங்கியதும் முடக்கக் கணக்குப் பணம் கைக்கு வராது. ஜெர்மனியில் சாதாரண வங்கிக் கணக்கு திறந்து அதை இணைத்த பிறகே முதல் 992 வரும். அதற்கிடையில் வீட்டு முன்பணம், முதல் வாடகை, சாப்பாடு எல்லாம் காத்திருக்காது. முன்பணம் சட்டப்படி மூன்று மாத 'கால்ட்மீட்டெ' வரை கேட்கலாம். அதாவது வெப்பமூட்டும் செலவு சேராத வாடகை. ஆகவே முடக்கக் கணக்குக்கு மேல் 1,500 முதல் 2,000 யூரோ தனியாகக் கையில் இருக்க வேண்டும். வாடகையை ஒப்பிடும்போது 'வார்ம்மீட்டெ' எண்ணைப் பாருங்கள். வெப்பமூட்டும் செலவும் சேர்ந்தது அதுதான். கால்ட்மீட்டெயைப் பார்த்து மலிவு என்று நினைத்தால் குளிர்காலத்தில் தெரியும்.

மலிவான அறை, ஷ்டுடீரெண்டன்வெர்க் எனப்படும் மாணவர் நல அமைப்பின் விடுதிகளில்தான். பல ஊர்களில் 250 முதல் 400 யூரோவுக்குள். காத்திருப்புப் பட்டியல் நீளம். சேர்க்கைக் கடிதம் வரும் முன்பே பெயர் பதிய விடும் இடங்கள் உண்டு. அங்கே விண்ணப்பித்த அன்றே பதிந்துவிடுங்கள். தனியாரிடம் தேடும்போது, 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்' என்று எவர் சொன்னாலும் அது மோசடி.

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரிப் பதிவு, அதாவது அன்மெல்டுங், செய்ய வேண்டும். இதற்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட உறுதிப் படிவம் வேண்டும். 'தங்கலாம், ஆனால் பதிவு முடியாது' என்ற அறையை எவ்வளவு மலிவானாலும் எடுக்காதீர்கள். பதிவு இல்லையென்றால் வரி எண் இல்லை, தங்கும் அனுமதி இல்லை, வேலையும் இல்லை. பதிவு செய்த சில வாரங்களில் ஒலிபரப்புக் கட்டணக் கடிதம் வரும்: ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. டிவி இல்லை என்று தூக்கிப் போட்டால் அபராதத்தோடு திரும்ப வரும். பலர் சேர்ந்து குடியிருக்கும் வீட்டில் ஒருவர் கட்டினால் போதும். அவருடைய எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதிவிடுங்கள்.

மருத்துவக் காப்பீட்டில் ஒரே ஒரு தவறு பல ஆயிரம் யூரோவைத் தின்றுவிடும். 30 வயதுக்குட்பட்ட மாணவர்களுக்கு அரசுக் காப்பீடு மாதம் சுமார் 150 யூரோ. 30, 40 யூரோவுக்குத் தனியார் காப்பீடு என்று விளம்பரம் வரும். அதை வைத்துப் பல்கலைக்கழகத்தில் சேர வேண்டுமானால் அரசுக் காப்பீட்டிலிருந்து விலக்குக் கடிதம் வாங்க வேண்டும். அந்த விலக்கைப் படிப்பு முடியும் வரை திரும்பப் பெற முடியாது. மலிவுத் திட்டத்தில் பழைய நோய்களுக்கும் பல சிகிச்சைகளுக்கும் பணம் வராது. 30 வயதைத் தாண்டியவர்களுக்கு மாணவர் விகிதம் கிடையாது. அவர்கள் வேறு வழியின்றித் தனியாரைப் பார்க்க வேண்டியிருக்கும். மற்றவர்கள் அரசுக் காப்பீட்டையே எடுங்கள்.

வேலை

2024 மார்ச்சிலிருந்து மாணவர் விசாவில் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். பல்கலைக்கழகத்திலேயே 'ஹிவி' என்ற மாணவ உதவியாளர் வேலை பார்த்தால் அது இந்தக் கணக்கில் சேராது. குறைந்தபட்சக் கூலி 2025-இல் மணிக்கு 12.82 யூரோ, 2026-இல் 13.90. வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்தைத் தாண்டினால் காப்பீட்டுக் கணக்கில் மாணவர் என்ற நிலையே போய்விடும். சுயதொழிலாகக் கணக்கிடப்படும் வேலைகளுக்கு, இணையத்தில் செய்வதானாலும், தனி அனுமதி வேண்டும்.

முதல் செமஸ்டரில் வருமானம் வரும் என்று திட்டம் போடாதீர்கள். டாய்ச்லாண்ட்ஸ்டிபெண்டியும் என்ற உதவித்தொகை மாதம் 300 யூரோ; எந்த நாட்டவரும் தங்கள் பல்கலைக்கழகத்திலேயே விண்ணப்பிக்கலாம். 'வெளிநாட்டவருக்குக் கிடைக்காது' என்று தாங்களாகவே முடிவு செய்து விண்ணப்பிக்காமல் விடுபவர்கள்தான் அதிகம்.

செமஸ்டர் கூடாமல் பார்த்துக்கொள்வது

சேர்ந்த முதல் வாரத்தில் படிக்க வேண்டியது உங்கள் படிப்பின் தேர்வு விதிமுறைக் கையேடு. ஒரு பாடத்தை எத்தனை தடவை எழுதலாம் என்று அதில் இருக்கும். பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று. அரியர் வைத்துக்கொண்டு எப்போது வேண்டுமானாலும் எழுதலாம் என்ற பழக்கம் அங்கே செல்லாது. கட்டாயப் பாடம் ஒன்றில் கடைசி வாய்ப்பிலும் தோற்றால் 'இறுதியாகத் தேர்ச்சி பெறவில்லை' என்று பதிவாகும். பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கம்; அதே படிப்பை ஜெர்மனியில் வேறெங்கும் தொடரவும் முடியாது. தங்கும் அனுமதியும் அந்தப் படிப்போடு கட்டுப்பட்டது.

தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்துவிட்டு, கெடுவுக்குள் விலகாமல், மருத்துவச் சான்றும் இல்லாமல் வராவிட்டால் 5.0 விழும், ஒரு வாய்ப்பும் போகும். முதல் செமஸ்டரில் வழக்கமான 30 கிரெடிட்டுக்கு மேல் அள்ளிப் போட்டுக்கொள்வது வேண்டாம். தயாராகவில்லை என்று தெரிந்தால் விலகல் கெடுவுக்குள் விலகி அடுத்த முறை எழுதுங்கள்.

ஒவ்வொரு செமஸ்டருக்கும் முன்னால் ரூக்மெல்டுங் உண்டு, அதாவது மறுபதிவு. செமஸ்டர் பங்களிப்பைக் கெடுவுக்குள் கட்டுவதுதான் அது. மறந்தால் முதலில் தாமதக் கட்டணம், பிறகு நீக்கம். வங்கியில் தேதியிட்டு முன்கூட்டியே ஆணை கொடுத்துவிடலாம். தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும்போது பணக் கணக்கையும், எடுத்த கிரெடிட்டுகளையும் மறுபடி பார்ப்பார்கள்.

ஆய்வறிக்கைக்கு வழிகாட்டியை அதற்கு முந்தைய செமஸ்டரிலேயே தேடத் தொடங்குங்கள். நிறுவனத்தில் செய்வதானால் ஒப்பந்தத்துக்கே இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். கூடுதல் செமஸ்டர் பெரும்பாலும் இங்கேதான் முளைக்கிறது. பட்டம் முடித்தபின் வேலை தேட 18 மாத அனுமதி கிடைக்கும். அந்தக் காலத்தில் எந்த வேலையும் பார்க்கலாம். ஆனால் மாணவர் விகிதக் காப்பீடும் பயணச் சீட்டும் அப்போது போய்விடும். செலவுக்குப் பணம் இருப்பதையும் மறுபடி காட்ட வேண்டும். வெளிநாட்டவர் அலுவலகங்களில் சந்திப்பு நாள் கிடைக்க மாதங்கள் ஆகும். ஆகவே ஆய்வறிக்கையைக் கையளித்ததுமே நாள் கேட்டு எழுதிவிடுங்கள். பழைய அனுமதி காலாவதியாவதற்கு முன்பே விண்ணப்பம் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.